மலையில் கழுவும் காரின் கண்ணாடியில் கோடு ஏன் நிற்கிறது?

குன்னூரில் இருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. திருப்பூரில் பழைய கார் ஒன்றை வாங்கி மலைக்குக் கொண்டுவந்து நான்கு மாதம் ஆகிறதாம். ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு ஷாம்பூ போட்டுக் கழுவி, செய்தித்தாளைக் கசக்கிக் கண்ணாடியைத் தேய்க்கிறார். பகலில் பளிச்சென்று இருக்கிறது. இரவில் மேட்டுப்பாளையம் இறங்கும்போது எதிரே விளக்கு வந்தால் கண்ணாடி முழுக்கக் கோடு கோடாகத் தெரிகிறது. “அண்ணா, எந்தத் திரவம் வாங்கினால் இது போகும்?” என்று கேட்கிறார்.

தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்களுக்குத் தெரிகிற கோடே ஏற்கெனவே போட்டதெல்லாம் மிச்சமாகி நிற்பதுதான். ஷாம்பூவின் மிச்சம், செய்தித்தாள் மையின் மிச்சம், முன்பு வண்டியை வைத்திருந்தவர் பூசிய பாலிஷின் மிச்சம். அதன் மேல் இன்னொரு நீலத் திரவத்தை அடித்தால் கோடு இடம் மாறும், போகாது. நான் இருபது ஆண்டுக்கு மேல் ஊட்டியில் சுற்றுலா வண்டி ஓட்டினேன். முழங்கால் ஒத்துழைக்காததால் இப்போது ஒரு வாட்டர் சர்வீஸ் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறேன். கண்ணாடிக் குறை என்று யார் வந்தாலும் துணியைத் தொடுவதற்கு முன் உள்ளே உட்கார்ந்து கண்ணாடியில் வாயால் ஊதிப் பார்ப்பேன்.

நீங்களும் ஊதிப் பாருங்கள். சுத்தமான கண்ணாடியில் மூச்சின் ஈரம் ஒரே சீராகப் படிந்து ஒரே சீராக மறையும். எண்ணெய்ப் பசை இருந்தால் போன வாரம் நீங்கள் துடைத்த வளைவுகள், பக்கத்து இருக்கையில் தூங்கியவர் நெற்றி முட்டிய இடம், குழந்தை விரலால் வரைந்த பூ எல்லாம் எழுந்து நிற்கும். வெளிப்பக்கத்துக்குத் தண்ணீரைத் தெளித்தால் போதும். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் விரிந்து தாள் போல வழியும். திட்டுத் திட்டாக ஒதுங்கி நின்றால் மெழுகோ எண்ணெயோ அங்கே இருக்கிறது.

பகலில் ஒளிந்துகொண்டு இரவில் மட்டும் தெரிவதற்குக் காரணம் ஒளி வரும் சாய்வு. பர்லியாருக்கு மேலே கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது அதன் விளக்கு உங்கள் கண்ணாடியை ஓரத்திலிருந்து ஓரம் வரை சாய்வாகத் தடவிக்கொண்டு போகும். பார்வைக்கே வராத மெல்லிய படலத்தில் அந்தச் சாய்ந்த ஒளி சிதறி, ஒரு நொடி கண்ணாடி வெள்ளைத் துணி போலாகிவிடும். பள்ளத்துப் பக்கத் தடுப்புச் சுவர் எங்கே முடிகிறது என்பது அந்த நொடியில்தான் தெரிந்தாக வேண்டும். இதைப் பார்க்க இரவு வரை காத்திருக்கத் தேவையில்லை. வண்டியை நிழலில் விட்டு, கைபேசி விளக்கைக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். எல்லாம் வெளியே வந்துவிடும்.

அடுத்து, கோடு உள்ளேயா வெளியேயா என்ற குழப்பம். இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாகவும் உள்பக்கத்தைக் குறுக்காகவும் துடையுங்கள். மிச்சக் கோடு நெட்டையாக நின்றால் வெளியே; படுத்திருந்தால் உள்ளே. வட்டம் வட்டமாகத் தேய்க்கிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. தேய்த்த கை வலிப்பதும் கோடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் மறுபடி இரண்டு பக்கமும் தேய்ப்பதும்தான் மிச்சம்.

உங்கள் ஏழு மணிக் கணக்குக்கு வருகிறேன். வெயிலில் கழுவாதே, அதிகாலையில் கழுவு என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது சமவெளிக்குச் சரியான பேச்சு. அங்கே வெயிலில் கழுவினால் துடைப்பதற்குள் ஷாம்பூ காய்ந்து ஒட்டிக்கொள்ளும். இங்கே கதை வேறு. இரவெல்லாம் திறந்த வானத்தின் கீழ் நின்ற கண்ணாடி, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்திருக்கும். நீங்கள் துடைக்கத் துடைக்கக் காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் மறுபடி படியும். துணி நனைந்துகொண்டே போகும், உலர்ந்தது போலத் தோன்றும், ஒன்பது மணிக்குப் பார்த்தால் பனி காய்ந்த தடமும் துணியின் தடமும் சேர்ந்து நிற்கும். குன்னூரில் பத்து மணிக்கு மேல், பனிமூட்டம் விலகி, புறங்கையை வைத்தால் கண்ணாடி சில்லென்று இழுக்காத நேரத்தில் தொடங்குங்கள். அதுவும் நிழலில். ஆடி மாத மூட்டத்தில் நாள் முழுக்க வெயிலே எட்டிப் பார்க்காவிட்டால் எஞ்சினைப் போட்டு, ஹீட்டர் காற்றை முன் கண்ணாடிப் பக்கம் ஐந்து நிமிடம் விட்டுவிட்டுத் துடைக்கலாம்.

ஷாம்பூவின் அளவிலும் இதே போன்ற தவறு நடக்கிறது. கோவை, திருப்பூர்ப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், நுரை எளிதில் வராது. அந்த ஊர்க் கை ஒரு வாளிக்கு இரண்டு மூடி ஊற்றிப் பழகியிருக்கும். நம் மலையில் பெரும்பாலும் மழையும் ஊற்றும்தான் தண்ணீர். கடினப் பாறை மேல் ஓடிவருவதால் மென்மையாக இருக்கும். அரை மூடியிலேயே வாளி பொங்கும். சோப்புப் போட்டுக் குளித்தால் எவ்வளவு ஊற்றினாலும் வழுக்கல் போகாத அனுபவம், கீழிருந்து வரும் விருந்தினர்களைக் கேட்டால் சொல்வார்கள். வண்டியிலும் அதேதான். அதனால் ஷாம்பூவைப் பாதியாகக் குறையுங்கள், அலசுவதை இரண்டு மடங்காக்குங்கள். ஒரு ரூபாய் தலைக்குளியல் ஷாம்பூப் பொட்டலத்தை வாளியில் பிழிகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். கூந்தல் மினுக்க வேண்டும் என்று அவற்றில் பலவற்றில் சிலிக்கோன் சேர்க்கிறார்கள். கூந்தலில் ஒட்டுவது கண்ணாடியிலும் ஒட்டும். அதே பொட்டலத்தை வைப்பர் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் ஒரு புதுப் பூச்சு.

இவ்வளவு சொன்னாலும், உங்கள் வண்டியில் பெரிய குற்றவாளி உள்பக்கம்தான் என்று பந்தயம் கட்டுவேன். வெளிப்பக்கத்தை மழையாவது கழுவுகிறது. உள்பக்கத்தை யார் தொடுகிறார்கள்? டேஷ்போர்டு பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருக்கச் சேர்க்கும் பொருள்கள் வெயிலில் ஆவியாகி, நேர் மேலே இருக்கும் கண்ணாடியில் போய்ப் படியும். புது வண்டி வாசனை என்று நாம் ஆசையாக இழுக்கிறோமே, அதில் இதுவும் ஒரு பங்கு. குளிருக்குப் பயந்து நாம் நான்கு கண்ணாடியையும் ஏற்றியே வைத்திருப்பதால் ஆவி வெளியேற வழியில்லை. இதோடு மூச்சின் ஈரம், சிலருக்குப் பீடிப் புகை. எல்லாருக்கும் மேலே, ஊதுபத்தி. காலையில் டேஷ்போர்டுப் பிள்ளையாருக்குப் பத்தி காட்டிவிட்டு, அதை ஏசி துவாரத்தில் செருகிக் கதவைச் சாத்தும் வண்டிகளைக் கண்ணாடியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். வெள்ளைத் துணியால் ஒரு இழு இழுத்தால் தேயிலைச் சாயம் போல வரும். பிள்ளையாருக்கும் நமக்கும் சண்டை வேண்டாம், பத்தியை வெளியே நின்று காட்டிவிட்டு ஏறுங்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் கொட்டகையிலேயே ஆரம்பத்தில் கண்ணாடியைத் துடைத்து முடித்த பிறகு டேஷ்போர்டுக்குப் பாலிஷ் அடிப்போம். வண்டிக்காரர் முகம் மலரும். அந்தத் தூவலில் பாதி, துடைத்த கண்ணாடியில் போய் உட்கார்ந்திருக்கும். அன்று மாலையே அவர் திரும்பி வந்து கத்துவார். இப்போது பாலிஷைத் துணியில் ஊற்றித்தான் தடவுகிறோம், கண்ணாடி எப்போதும் கடைசி.

உள்பக்கம் துடைக்கும் முறை இது. துணி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று ஈரத்துக்கு, ஒன்று உலர்த்த. திரவத்தைக் கண்ணாடியில் அடிக்காமல் துணியில் அடியுங்கள். வழிந்தால் டேஷ்போர்டு இடுக்கில் போய்விடும். ஓட்டுநர் இருக்கையில் உட்காராதீர்கள், ஸ்டீயரிங் இடிக்கும். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் முக்கால் கண்ணாடி கைக்கு எட்டும். டேஷ்போர்டும் கண்ணாடியும் சந்திக்கும் அந்தக் கூரிய இடுக்குதான் தொல்லை. உள்ளங்கையை வைத்துத் தள்ளினால் மணிக்கட்டு மடங்காது. கையைத் திருப்பி, புறங்கை கண்ணாடியில் படும்படி, விரல் நுனியில் துணியைச் சுற்றிக் கடைசி வரை கொண்டுபோய்க் குறுக்கே இழுங்கள். ஈரத் துணியால் ஒரு முழத்துக்கு ஒரு முழம் துடைத்ததும், அது காய்வதற்குள் உலர்ந்த துணியால் இழுத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். நான்கு மாதமாகத் தொடாத கண்ணாடிக்கு ஒரு சுற்று போதாது. முதல் சுற்றில் பசை கரைந்து பரவி, முன்பைவிட மோசமாகத் தெரியும். பயந்துவிடாதீர்கள். துணியின் சுத்தமான மடிப்பைத் திருப்பி இரண்டாம் சுற்று, தேவையானால் மூன்றாம் சுற்று. பக்கக் கண்ணாடிகளை இரண்டு விரற்கடை இறக்கி மேல் விளிம்பை முதலில் துடைத்து, பிறகு ஏற்றிக் கீழ்ப்பகுதியைத் துடையுங்கள். பின் கண்ணாடியின் உள்ளே செம்பு நிறத்தில் ஓடும் கம்பிகள் ஈரத்தைப் போக்குபவை. அவற்றின் போக்கிலேயே, அழுத்தாமல் துடைக்க வேண்டும். அங்கே பிளேடால் சுரண்டினால் அந்தக் கம்பி அத்தோடு முடிந்தது.

துணி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் தோற்பது இதில்தான். தேங்காய்ப்பூத் துண்டு வேண்டாம், நூல் நூலாக உதிரும். சாலையோரம் விற்கும் மஞ்சள் துணி டேஷ்போர்டுத் தூசுக்குச் சரி, கண்ணாடிக்கு ஆகாது. செய்தித்தாளை நான் திட்ட மாட்டேன். அது நூல் உதிர்ப்பதில்லை, ஈரத்தை இழுக்கும், சும்மா கிடைக்கிறது. ஆனால் மை கைக்கும் கண்ணாடி ஓரத்து ரப்பருக்கும் ஏறி, அடுத்த மழையில் ரப்பரிலிருந்து இறங்கி வரும். குளிர்ந்த ஈரமான நம் ஊர்க் காற்றில் தாள் சீக்கிரம் தொய்ந்தும் போகும். இருப்பதில் நல்லது, முடி குட்டையான மைக்ரோஃபைபர் துணி. அதற்கு வழியில்லையா, பத்து வருடம் துவைத்த பழைய வேட்டியைக் கிழித்துக்கொள்ளுங்கள். புது வேட்டியில் கஞ்சி இருக்கும், கோடு போடும். மைக்ரோஃபைபர் துணியை மற்ற துணிகளோடு போட்டுத் துவைக்கக் கூடாது. மணமூட்டி மென்மையாக்கும் திரவத்தில் முக்கவும் கூடாது. அந்தத் திரவம் இழைகளின் மேல் பூச்சாக ஒட்டி, பிறகு கண்ணாடிக்கு வரும். எவ்வளவு தேய்த்தாலும் ஒரே மாதிரிப் படலம் வருகிறது என்று வருந்துகிறவர்களிடம், வீட்டில் துணி எப்படித் துவைக்கிறார்கள் என்று கேட்பேன்.

திரவம் வேண்டுமே என்பீர்கள். வீட்டிலேயே கலக்கலாம். மெக்கானிக் கடையில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீர் எழுநூறு மில்லி. அது காய்ச்சி வடித்தோ உப்பு நீக்கியோ எடுத்த நீர்தான், பேட்டரி அமிலத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் முந்நூறு மில்லி, வெள்ளை வினிகர் ஒரு மேசைக்கரண்டி. சமவெளியில் ஆல்கஹால் இதைவிடக் குறைவாகவே போதும். இங்கே காற்று ஈரத்தை மெதுவாகத்தான் வாங்கிக்கொள்கிறது, அதனால் கூட்டிப் போடுகிறேன். தீப்பற்றும் பொருள் இது. வண்டிக் கதவுகளைத் திறந்துவைத்து, பீடி, பத்தி எதுவும் அருகில் இல்லாமல் செய்ய வேண்டும். அம்மோனியா கலந்த திரவங்களை, வெயிலுக்காக ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியிலும் டேஷ்போர்டு அருகிலும் நான் பயன்படுத்துவதில்லை. எதைப் போட்டாலும் குறைவாகப் போடுங்கள். ஒரு கண்ணாடிக்கு இரண்டு மூன்று தூவல். வழிய வழிய அடித்தால் காய வைப்பதே ஒரு வேலையாகிவிடும்.

திருப்பூர் வண்டி என்றதும் எனக்கு இன்னொரு சந்தேகம். கண்ணாடி ஓரங்களில், வெளிப்பக்கம், சிறு சிறு வெள்ளை வட்டங்கள் நகத்தால் தடவினால் சொரசொரவென்று இருக்கின்றனவா? அது கடின நீர் காய்ந்த சுண்ணாம்பு. ஷாம்பூவும் ஆல்கஹாலும் அதை அசைக்காது, அமிலம்தான் கரைக்கும். வெள்ளை வினிகரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் அதன் மேல் ஒட்டவைத்து, தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். வண்ணப் பூச்சின் மேல் வழிந்தால் உடனே கழுவிவிடுங்கள். இரண்டு மூன்று முறைக்கும் போகாவிட்டால் கறை கண்ணாடியையே அரித்துவிட்டது என்று அர்த்தம். அதற்குச் சீரியம் ஆக்சைடு என்ற பொடியைக் குழைத்து மெருகேற்ற வேண்டும். கையால் செய்தால் தோள் கழன்றுவிடும், தெரிந்த ஆளிடம் கொடுங்கள்.

கழுவித் துடைத்த கண்ணாடியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தால், வெறும் விரலுக்குத் தெரியாத பொருக்கெல்லாம் தெரியும். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் நான் கழுவிய பால் கவரை வைத்துக்கொள்கிறேன். பொருக்கு என்று நான் சொல்வது சில்வர் ஓக், சைப்ரஸ் மரங்களின் பிசின், தேயிலைத் தொழிற்சாலைப் புகைக்கூண்டிலிருந்து வரும் விறகுக் கரி, மலைப்பாதையில் முன்னே போகும் லாரியின் டீசல் பசை. பிசினுக்கு நம் ஊர் மருந்தே இருக்கிறது: நீலகிரித் தைலம். ஜலதோஷத்துக்குத் தடவும் அதே பாட்டில்தான். இரண்டு சொட்டைத் துணியில் விட்டு ஒரு நிமிடம் பிசின் மேல் வைத்தால் இளகிவிடும். பழைய ஸ்டிக்கரின் பசைக்கும் இதுவே. 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம் ஆனதால், கை மாறிய வண்டிகளில் ஒன்று கிழித்து ஒன்று ஒட்டிய பசைச் சதுரம் நிச்சயம் இருக்கும். தைலம் கரைக்கும், ஆனால் எண்ணெய் ஆயிற்றே, மேலே சொன்ன கலவையால் பிறகு துடைத்தே ஆக வேண்டும். வண்ணப் பூச்சிலும் பிளாஸ்டிக்கிலும் படவிடாதீர்கள்.

தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடச் செய்யும் பூச்சு ஒன்று கடைகளில் இருக்கிறது, போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நெடுஞ்சாலையில் ஓடுகிற வண்டிக்கு அருமையான பொருள். மணிக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு மேல் போனால் காற்றே துளிகளைத் தள்ளிவிடும். கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசிகளை இருபதில் ஊர்ந்து கடக்கிறவருக்குக் காற்று எங்கிருந்து வரும்? துளிகள் முத்து முத்தாக அப்படியே நிற்கும், ஒவ்வொரு முத்திலும் எதிர் வண்டியின் விளக்கு எரியும். முன் கண்ணாடிக்கு நான் போடுவதில்லை. பக்கக் கண்ணாடிக்குப் போடுகிறவர்களைத் தடுப்பதுமில்லை.

சுத்தமான உள்பக்கத்துக்கு இன்னொரு பலனும் உண்டு. பசைப் படலம் இல்லாவிட்டால் மூச்சின் ஈரம் புகையாகப் பிடிப்பது குறையும். ஏசியைப் போட்டு, காற்றைச் சூடாக வைத்து, வெளிக்காற்று வரும் நிலையில் விட்டால் மீதியும் போய்விடும். கீழே கல்லாற்றை நெருங்கும்போது மட்டும் திடீரென்று கண்ணாடி மங்கினால் உள்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருக்காதீர்கள். மலைக் குளிரில் வந்த கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் சமவெளியின் ஈரக் காற்று படிகிறது, வைப்பரை ஒருமுறை போட்டால் போதும்.

வைப்பர் ரப்பரை மாதம் ஒருமுறை அதே ஆல்கஹால் கலவையில் நனைத்த துணியால் விரலிடுக்கில் பிடித்து இழுங்கள். துணி கறுப்பாக வருவது நிற்கும் வரை. மெழுகும் டீசல் பசையும் அதில்தான் சேர்கின்றன. ஜனவரியில் ஊட்டிக்கு வந்து இரவு தங்கினால், காலையில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் கண்ணாடி மேல் உறைபனி வெள்ளையாகப் பூத்திருக்கும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், சூடு தாங்காமல் கண்ணாடி விரிசல் விட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆல்கஹால் கலவையை அடித்து, ஹீட்டரைப் போட்டுக் காத்திருங்கள். அதுவரை வைப்பர் சுவிட்சைத் தொடாதீர்கள். பனியோடு ஒட்டியிருக்கும் ரப்பரை இழுத்தால் ஓரம் கிழியும்; பிறகு அடுத்த மழைக்காலம் முழுக்க ஒரே இடத்தில் ஒரு கோடு விழுந்துகொண்டே இருக்கும். அந்தக் கோட்டுக்கு மட்டும் கடைக்குப் போய்ப் புது ரப்பர் வாங்குங்கள்.